1932-ல ரெண்டு கட்டடம்: தஞ்சோங் பகார் ஸ்டேஷனும் தண்டவாளத்து முனியாண்டியும்

எல்லாருக்கும் வணக்கம். மைக்க கொஞ்சம் கீழ இறக்கிக்கறேன், எனக்கு முன்னாடி பேசின தம்பி ஆறடி, நான் அந்தளவுக்கு இல்ல. சனிக்கிழமை சாயங்காலம், வெளிய இப்படி மழை, அதையும் பாக்காம இவ்வளவு பேர் வந்திருக்கீங்க, அதுல பாதிப் பேர் டீக்கும் வடைக்கும் வந்தவங்கன்னு எனக்குத் தெரியும், பரவாயில்ல, டீ ஆறு மணிக்குத்தான் வருமாம், அதுவரைக்கும் நீங்க என்கிட்ட மாட்டிக்கிட்டீங்க.

எனக்குக் குடுத்த தலைப்பு சிங்கப்பூரோட பழைய ரயில்வே வட்டாரம், அதோட புதுப்பிப்பு. வட்டாரம்னா நான் தஞ்சோங் பகார் ஸ்டேஷன மட்டும் சொல்லல, அதுக்குப் பின்னாடி கம்போங் பாருவில இருந்த எஞ்சின் ஷெட்டு, ஸ்பூனர் ரோடு குவாட்டர்ஸ், அங்கேருந்து அப்படியே லைன் புடிச்சு மேல போனா புக்கிட் தீமா ஸ்டேஷன், இது எல்லாம் சேர்த்துதான் சொல்றேன். முதல்லயே ஒரு விஷயம் சொல்லிடுறேன், நான் சரித்திரம் படிச்சவன் இல்ல, ஒரு கப்பல் கம்பெனியில முப்பது வருஷம் கணக்கு எழுதி ரிட்டையர் ஆன ஆளு. ஆனா எங்க தாத்தா இந்த லைன்ல கேங் கூலி, தண்டவாளத்தப் பாத்துக்கற கும்பல்ல ஒருத்தர். அம்மா பொறந்து வளர்ந்தது புக்கிட் தீமா பக்கம் தண்டவாளத்து ஓரத்துல, ரயில் போனா அடுப்பு மேல இருக்கிற சட்டி ஆடுற மாதிரி ஒரு வீட்டுல. அதனால இதப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்குன்னு நானே எடுத்துக்கிட்டேன்.

தைப்பூசத்துக்கு டேங்க் ரோடு போகாதவங்க யாராவது இங்க இருக்கீங்களா? கை தூக்குங்க. ஒருத்தரும் இல்ல. சரி, இப்ப சொல்லுங்க, செட்டியார் கோயிலுக்குப் பக்கத்துலயே ரயில்வே ஸ்டேஷன் இருந்துச்சுன்னு எத்தன பேருக்குத் தெரியும்? ஒரு நாலு கை. சிங்கப்பூரோட முதல் ரயில் கிளம்பினது அங்கேருந்துதான். 1903, ஜனவரி 1-ந் தேதி, டேங்க் ரோட்டுல இருந்து புக்கிட் தீமா வரைக்கும், அப்பறம் அதே வருஷம் ஏப்ரல்ல உட்லண்ட்ஸ் வரைக்கும். கோயில் அதுக்கு முன்னாடியே 1859-லேயே வந்தாச்சு, நகரத்தார் கட்டினது. ஆக முருகன் வந்து 44 வருஷம் கழிச்சு ரயில் வந்துச்சு, ரயில் போயி இத்தன வருஷம் ஆச்சு, முருகன் அங்கேயேதான் இருக்காரு.

அப்ப சிங்கப்பூரையும் மலாயா பக்கத்து ஜொகூரையும் இணைக்கிற ஜொகூர் பாலம் கிடையாது. உட்லண்ட்ஸ்ல இறங்கி ஃபெரி புடிச்சு அந்தப் பக்கம் போகணும். 1909-ல ஜொகூர் பக்கத்து லைனும் முடிஞ்சுருச்சு, அதனால நடுவுல இருக்கிற அந்தத் துண்டுக் கடலத் தவிர மத்ததெல்லாம் ரயில்லயே போலாம்னு ஆச்சு. சரக்கு வண்டியத் தூக்கி ஃபெரியில ஏத்தி இறக்கி ஏத்தி இறக்கி பாத்தாங்க, சரக்கு கூடக் கூடத் தாங்கல, கடைசில கடல்லயே கல்லக் கொட்டிப் பாலம் போட்டாங்க, 1923-ல ரயில் அதுமேல ஓடுச்சு, முதல்ல சரக்கு, அப்பறம்தான் ஆளுங்க. நடுவுல 1918-ல சிங்கப்பூர் ரயில்வேய மலாய் கூட்டரசு ரயில்வே, அதாவது இன்னைக்கு மலேசியாவா இருக்கிற பக்கத்து ரயில்வே, வாங்கிருச்சு. இந்த வருஷத்த ஞாபகத்துல வச்சுக்கங்க, பின்னாடி நடந்த சண்டைக்கெல்லாம் விதை அங்கதான் விழுந்துச்சு, ஏன்னா லைனோட சேர்த்து லைனுக்குக் கீழ இருந்த நிலமும் போச்சு.

டேங்க் ரோடு ஸ்டேஷன் ஊருக்கு நடுவுல. ரயில் வந்தா கேட்டப் போட்டு ரோட்ட மறிப்பாங்க, ரிக்ஷாவும் மாட்டு வண்டியும் காரும் வரிசையா நிக்கும். ஆர்ச்சர்ட் ரோட்டுக்கு மேலயே ரயில் பாலம் இருந்துச்சு, இன்னைக்கு அங்க ஷாப்பிங் போறவங்க தலைக்கு மேல ரயில் போறதக் கொஞ்சம் கற்பன பண்ணிப் பாருங்க. துறைமுகமோ அங்கேருந்து தள்ளி. அதனாலதான் லைனையே புக்கிட் தீமாவுக்குக் கிட்ட திருப்பி விட்டு, மேற்கால சுத்தி, கெப்பல் துறைமுகத்து வாசல்ல கொண்டுபோய் முடிச்சாங்க. அந்த முடிவுப் புள்ளிதான் தஞ்சோங் பகார் ஸ்டேஷன். 1932 மே மாசம் 2-ந் தேதி கவர்னர் செசில் கிளமெண்டி திறந்து வச்சாரு. புக்கிட் தீமாவில இப்ப இருக்கிற சின்ன ஸ்டேஷனும் அதே வருஷத்துதான்.

இந்தக் கட்டடத்தப் பத்தி நான் நிறுத்தி நிதானமாத்தான் பேசுவேன், அவ்வளவு அழகு. சுவான் அண்ட் மக்லாரன்ங்கற கட்டடக்கலை நிறுவனத்துல பெட்ரோவிச்னு ஒருத்தர் வரைஞ்சது. முகப்புல நாலு பெரிய வெள்ளச் சிலை, இத்தாலிச் சிற்பி ஒருத்தர் செஞ்சது, விவசாயம், வணிகம், போக்குவரத்து, தொழில்னு நாலுக்கு ஒவ்வொண்ணு. ஒவ்வொரு சிலையோடயும் ஒரு ஆங்கில எழுத்து, நாலையும் சேர்த்துப் படிச்சா எஃப் எம் எஸ் ஆர், மலாய் கூட்டரசு ரயில்வேயோட சுருக்கம். உள்ள போனா கூரை அப்படியே வளைஞ்சு மேல போவும், நீங்க தும்முனா அது மேல போய் ஒரு சுத்து சுத்திட்டு வரும். ரெண்டு பக்கச் சுவத்துலயும் மொத்தம் ஆறு பெரிய படம். நெல்லு நடுறது, ஈயம் எடுக்கறது, கப்பல், மாட்டு வண்டி, கொப்பரை, அப்பறம் ரப்பர் வெட்டுறது. இதுல வேடிக்கை என்னன்னா அந்தப் படமெல்லாம் பெயிண்ட் இல்ல, ரப்பர் ஓடு. ரப்பர் வெட்டுறதையே ரப்பர்ல செஞ்சு மாட்டியிருக்காங்க.

அந்தப் படத்தக் காட்டி என் மகன்கிட்ட கேட்டேன், டேய் மலாயாவில ரப்பர் வெட்டினது யாருடா? அவன் கொஞ்ச நேரம் பாத்துட்டு, நம்ம ஆளுங்கப்பான்னான். அங்க எழுதியிருக்கா? இல்ல.

அதே 1932-ல இன்னொண்ணும் கட்டினாங்க. கவர்னர் வரல, பேண்டு வாசிக்கல. குவீன்ஸ்வே பக்கம் தண்டவாளத்து ஓரத்துல, ரயில்வேயில வேலை செஞ்ச நம்ம தொழிலாளிங்க சேர்ந்து முனியாண்டிக்கு ஒரு சின்னக் கோயில் எழுப்புனாங்க. இன்னைக்கு காமன்வெல்த் டிரைவ்ல பெருசா இருக்குல்ல, ஸ்ரீ முனீஸ்வரன் கோயில், அதோட தொடக்கம் அதுதான். ரோடு வேலைக்காக இடம் மாத்தி 1998-ல அங்க கும்பாபிஷேகம் ஆச்சு. ஊர்ல எல்லைய காக்குற சாமி, இங்க லைன காக்கட்டும்னு வச்சிருப்பாங்கன்னு நான் நினைச்சுக்கறது, ஏன்னா கேங் ஆளுக்கு ராத்திரி லைன்ல நடக்கணும், பாம்பு உண்டு, ரயிலும் உண்டு, ரெண்டுல எது முன்னாடி வரும்னு தெரியாது. தாத்தா 1936-ல ரஜுலா கப்பல்ல வந்தவரு, கோயில் அதுக்கு முன்னாடியே இருந்துச்சாம். சம்பளம் வாங்குன அன்னைக்கு ஒரு தேங்காயும் ஒரு சுருட்டும் வச்சுட்டுதான் வீட்டுக்கு வருவாராம். அம்மா சொல்றது, சுருட்டு சாமிக்குத்தானான்னு பாட்டிக்கு எப்பவுமே சந்தேகமாம்.

ஒரே வருஷத்துல ரெண்டு கட்டடம். ஒண்ணு ரயில்வே கட்டினது, ஒண்ணு ரயில்வே தொழிலாளி கட்டினது. முதல் கட்டடத்தப் பத்திப் பேச நிறைய பேர் இருக்காங்க, படம் இருக்கு, பிளான் இருக்கு, அளவு இருக்கு. நான் இன்னைக்கு வந்தது ரெண்டாவதுக்காக.

கேங் வேலைன்னா என்னன்னு சின்னப் பிள்ளைங்களுக்குத் தெரியாது, சொல்றேன். நம்ம லைன் மீட்டர் கேஜு, ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல சரியா 1,000 மில்லிமீட்டர். கீழ ஜல்லி, அதுமேல குறுக்குக் கட்டை, அதுமேல தண்டவாளம், ஆணி அடிச்சு நிக்கும். கட்டையெல்லாம் செங்கால் மரம், மலாய்ல ஒரு மரத்தோட பேரு அது, தாத்தா செங்கல் கட்டைன்னே சொல்லுவாரு, நான் சின்ன வயசுல செங்கல்ல எப்படிடா கட்டை செய்வாங்கன்னு ரொம்ப நாள் குழம்பியிருக்கேன். ஒவ்வொரு ரயிலும் போகப் போக ஜல்லி இறங்கும், கட்டை ஆடும், தண்டவாளம் கொஞ்சம் கொஞ்சமா நகரும். கண்ணுக்குத் தெரியாது. ஆனா விட்டா ஒருநாள் வண்டி கவுந்துரும். அதனால தினமும் ஒரு கும்பல் அவங்க பாகத்துக்குன்னு இருக்கிற லைன்ல போய் ஜல்லியக் குத்தி ஏத்தி, கடப்பாரையப் போட்டு எல்லாரும் ஒரே மூச்சுல நெம்பி நேராக்கணும். ஒரே மூச்சுங்கறது சும்மா இல்ல, ஒருத்தர் முன்னாடி நெம்புனா அவர் இடுப்பு போச்சு, அதனால ஒரு ஆளு ராகம் போட்டு இழுப்பாரு, மத்தவங்க கடைசி சொல்லுக்குத் தள்ளுவாங்க.

காலையில விடியறதுக்கு முன்னாடி ஒருத்தர் மட்டும் தனியா சுத்தியலும் ஸ்பேனரும் எடுத்துக்கிட்டு லைன் பாத்துக்கிட்டே நடப்பாரு. தாத்தாவுக்கு அந்த வேலை பின்னாடி கெடச்சுச்சு. தண்டவாளத்துல சுத்தியலால ஒரு தட்டு தட்டுவாரு, நல்லா இருந்தா கணீர்னு ஓடும், போல்ட்டு லூசா இருந்தாலோ விரிசல் இருந்தாலோ மொத்துனு கேக்கும். மத்தியான வெயில்ல இரும்பு நீளும், அதுக்குன்னுதான் ரெண்டு தண்டவாளம் சேர்ற இடத்துல சின்ன இடைவெளி விட்டு இரும்புப் பட்டை போட்டு முடுக்கியிருப்பாங்க, அந்த டடக் டடக் சத்தம் அந்த இடைவெளியில சக்கரம் விழுந்து எழுந்திருக்கிறதுதான். இடைவெளி அடைச்சுக்கிச்சுன்னா வெயில்ல தண்டவாளம் பாம்பு மாதிரி நெளியும். தாத்தா கட்டில்ல படுத்துக்கிட்டே டடக் சத்தத்த வச்சு எந்த இடத்துல கட்டை இறங்கியிருக்குன்னு சொல்லிருவாராம், இத நான் பாதி நம்பினது, அம்மா சத்தியம் பண்றாங்க.

ரயில்வேயில நம்ம ஆளுங்க எல்லாரும் கேங்லதான் இருந்தாங்கன்னு நினைச்சுறாதீங்க. யாழ்ப்பாணத்துல இருந்து இங்கிலீஷ் படிச்சுட்டு வந்தவங்க கிளார்க்கு, ஸ்டேஷன் மாஸ்டர்னு இருந்தாங்க, மலாயா ரயில்வேயே அவங்க பேனாவுலதான் ஓடுச்சும்பாங்க. தமிழ்நாட்டுல இருந்து கூலியா வந்தவங்க வெயில்ல நின்னாங்க. ரெண்டு பேரும் தமிழ்தான் பேசினாங்க, ஆனா ஒரே பெஞ்சுல உக்காரல. தாத்தா ஸ்டேஷன் மாஸ்டர் ரூமுக்கு வெளிய நின்னுதான் பேசுவாரு. நம்ம சரித்திரத்தப் பெருமையா பேசறப்ப இதையும் சேர்த்துத்தான் பேசணும், வலிச்சாலும்.

யுத்த காலத்தப் பத்தி அதிகம் பேச எனக்கு மனசு வரல, ஒண்ணு ரெண்டு மட்டும். ஜப்பான்காரன் காலத்துல சிங்கப்பூர்ல இருந்து போர்க்கைதிங்கள சரக்கு வண்டியில அடைச்சு, பர்மாவுக்கு ரயில் லைன் போட சயாமுக்கு, அதான் இன்னைக்குத் தாய்லாந்துக்கு, அனுப்புனான், 1943 ஏப்ரல்ல போன ஒரு படையில மட்டும் கிட்டத்தட்ட 7,000 பேரு. இதப் பத்தி வெள்ளக்காரன் நெறைய எழுதியிருக்கான். அதே சயாம் லைனுக்கு, அந்த 415 கிலோமீட்டர் மரண ரயிலுக்கு, மலாயா தோட்டங்கள்ல இருந்து தமிழங்க ஆயிரக்கணக்குல போனாங்க, ஆயிரக்கணக்குல வரல. ஜொகூர்ல தோட்டத்துல இருந்த தாத்தாவோட தம்பி ஒருத்தர் போனவருதான். தாத்தா லைன்ல வேலை தெரிஞ்சவர்ங்கறதால இங்கேயே வச்சுக்கிட்டாங்க. அதுக்கப்பறம் அவர் சாகற வரைக்கும் தம்பி பேர வீட்டுல சொல்லல.

இப்ப கொஞ்சம் வேகமா வர்றேன், அரசியல். 1965-ல நாடு தனியா ஆச்சு, ஆனா லைனும் ஸ்டேஷனும் மலேசியாவோட கைல. நம்ம ஊருக்கு நடுவுல உட்லண்ட்ஸ்ல இருந்து தஞ்சோங் பகார் வரைக்கும் ஒரு கயிறு மாதிரி நீளமா அவங்க நிலம். 1990 நவம்பர்ல லீ குவான் யூ பிரதமர் பதவிய விடறதுக்கு மொத நாள் ஒரு உடன்படிக்கை போட்டாங்க, ஆனா அதுக்கு அர்த்தம் என்னன்னு ரெண்டு நாடும் இருபது வருஷம் வாதாடுச்சு. 1998 ஆகஸ்ட்ல நம்ம குடிநுழைவுச் சோதனை உட்லண்ட்ஸுக்குப் போயிருச்சு, மலேசியாவோடது தஞ்சோங் பகார்லயே இருந்துச்சு. என்ன ஆகும்? நீங்க தஞ்சோங் பகார்ல மலேசியாவுக்குள்ள நுழைஞ்சுட்டு, அதுக்கப்பறம் அரை மணி நேரம் சிங்கப்பூர்ல பயணம் பண்ணிட்டு, உட்லண்ட்ஸ்ல சிங்கப்பூர விட்டு வெளிய வருவீங்க. வெளிய போறதுக்கு முன்னாடி உள்ள வந்த கணக்கு. நான் கணக்கு எழுதறவன், எனக்கே அது நேர் ஆகல.

நானும் அப்பப்ப அதுல போவேன், அம்மாவ கூட்டிக்கிட்டு ஈப்போவுக்குப் பெரியம்மா வீட்டுக்கு. ரயில் ஏறுறத விட ஸ்டேஷன்ல சாப்புடறதுதான் விசேஷம். பிளாட்பாரத்து ஓரத்துல மேசை போட்டு ராத்திரில தே தாரிக், ரொட்டி பராட்டா, ராம்லி பர்கர் வாசன. புத்தகமும் விப்பாங்க, பணமும் மாத்துவாங்க, அப்படி ஒரு கடை. ரயில்ல போகாதவங்க கூட சாப்பாட்டுக்கே வருவாங்க, டாக்ஸிக்காரங்க நெறைய. ஊர் முழுக்க மாறினப்ப இந்த ஒரு இடம் மட்டும் 1970-லயே நின்னுருச்சு போல இருக்கும், அதுக்குக் காரணம் பாசம் இல்ல, தகராறுதான். ரெண்டு நாடும் ஒத்துக்காததால யாராலயும் இடிக்க முடியல. சில நேரம் சண்டை போட்டவங்கதான் நல்லது செஞ்சிருக்காங்க.

2010-ல அப்ப நம்ம பிரதமரா இருந்த லீ சியன் லூங்கும் மலேசியப் பிரதமரா இருந்த நஜிப்பும் பேசி முடிச்சாங்க. ஸ்டேஷன் உட்லண்ட்ஸுக்குப் போகும், ரயில் நிலத்துக்கு பதிலா மரீனா சவுத்துலயும் ஓஃபியர்-ரோச்சோர்லயும் நிலம், அத ரெண்டு நாடும் 60-க்கு 40-னு ஒரு கம்பெனி போட்டுக் கட்டறது. இன்னைக்கு நீங்க பாக்கிற மரீனா ஒன், டுவோ கட்டடமெல்லாம் இந்த ரயில் லைன்ல இருந்து பொறந்ததுதான். 2011 ஜூன் 30, ராத்திரி பதினோரு மணிக்குக் கடைசி ரயில். ஜொகூர் சுல்தான் இப்ராஹிமே ஓட்டிட்டுப் போனாரு, பாலம் தொறந்தப்ப ஜொகூர்ல சுல்தானா இருந்தது அவரோட கொள்ளுத்தாத்தா. கூட்டம்னா அப்படி ஒரு கூட்டம். நானும் அம்மாவும் புக்கிட் தீமாவில நின்னோம். எல்லாரும் கைதட்டினாங்க, போன்ல வீடியோ எடுத்தாங்க, அம்மா மட்டும் ரயிலப் பாக்கல, குனிஞ்சு சக்கரத்தப் பாத்துக்கிட்டு இருந்தாங்க.

சரி, புதுப்பிப்புக்கு வருவோம், அதுக்குத்தானே கூப்ட்டீங்க. ரயில் நிக்கறதுக்குக் கிட்டத்தட்ட மூணு மாசம் முன்னாடியே, 2011 ஏப்ரல்ல, தஞ்சோங் பகார தேசிய நினைவுச்சின்னமா அறிவிச்சாங்க. அந்த வருஷமே புக்கிட் தீமா ஸ்டேஷனையும் பாதுகாக்க முடிவாச்சு. தண்டவாளமெல்லாம் கழட்டி மலேசியாவுக்குத் திருப்பிக் குடுத்தாச்சு, அது அவங்க சொத்து. ரெண்டு இரும்புப் பாலத்தையும், புக்கிட் தீமா ரோட்டு மேல ஒண்ணு, அப்பர் புக்கிட் தீமா ரோட்டு மேல ஒண்ணு, வச்சுக்கிட்டாங்க. மிச்சம் 24 கிலோமீட்டர் நடைபாதை ஆச்சு, ரெயில் காரிடார். இத நிலத்த வித்து வீடு கட்டாம பச்சையா விடச் சொல்லி 2010-லயே நம்ம இயற்கைச் சங்கம் திட்டம் எழுதிக் குடுத்துச்சு, அவங்களுக்கு நாம நன்றி சொல்லணும். இன்னைக்கு அங்க காலையில போனீங்கன்னா டைட்ஸ் போட்டுக்கிட்டு எல்லாரும் ஓடுறாங்க. தாத்தா பாத்தா, லைன்ல எதுக்குடா ஓடுறீங்க, வண்டி வருதான்னு கேப்பாரு.

தஞ்சோங் பகார் இன்னும் சிக்கலான வேலை. கொஞ்ச வருஷம் லீவு நாள்ல தொறந்து விட்டாங்க, 2016 முடிஞ்சதோட மூடிட்டாங்க, ஏன்னா பழைய பிளாட்பாரத்துக்குக் கீழ சர்க்கிள் லைன்ங்கற எம்ஆர்டி, அதாவது மெட்ரோ ரயில் தடத்தோட கேன்டன்மெண்ட் ஸ்டேஷன் கட்ட வேண்டியிருந்துச்சு. மேல நினைவுச்சின்னம், கீழ ஆழமாத் தோண்ட வேண்டியிருந்துச்சு. ஒரு செங்கல் அசையக்கூடாது. பிளாட்பாரத்து மேல இருந்த கூரையில ஒரு பகுதிய எடுத்து வச்சுட்டு, தோண்டி முடிச்சப்பறம் பழையபடி பொருத்தணும்னு திட்டம். இத நான் கொற சொல்ல மாட்டேன், ரயில் ஸ்டேஷனுக்கு அடியில ரயில் ஸ்டேஷன்தான் வருது, கண்டோன்னு சொல்ற தனியார் அடுக்குமாடி வரல. ஒரு ஸ்டேஷனுக்கு இதவிட மரியாதை வேற என்ன.

எனக்கு வருத்தம் வேற இடத்துல. கம்போங் பாரு ஷெட்டு இருந்த வட்டாரத்துல, ஸ்பூனர் ரோட்டுல ரெண்டு பிளாக்கு இருக்கு, கெமுனிங், மெலாத்தின்னு மலாய்ப் பூப் பேரு, ரயில்வே குடும்பங்க இருந்த குவாட்டர்ஸ். 2011-க்கு அப்பறம் அது வாடகை வீடா ஆச்சு. ரோட்டோட பேரு ஸ்பூனர், ரயில்வேயோட பெரிய மேனேஜரா இருந்த வெள்ளக்காரர். பேரு இருக்கு, சரி. அதே ரயில்வேயில சுத்தியல் புடிச்சவன் பேரு எங்கயாவது இருக்கா? தாத்தாவோட வேலைப் பதிவு கெடைக்குமான்னு நான் நடையா நடந்தேன். ஒரு அலுவலகத்துல அந்தப் பொண்ணு ரொம்ப மரியாதையாத்தான் பேசுச்சு, அங்கிள், கூலிங்களுக்குப் பேரு இருக்காது, எண்ணிக்கைதான் இருக்கும்னு சொல்லுச்சு. கணக்கு எழுதினவனுக்கு இது புரியாதா? வரவு செலவுல மொத்தமா ஒரு வரி. எங்க தாத்தா ஒரு வரியில எங்கயோ ஒரு ஒண்ணு.

கட்டடத்தப் புதுப்பிக்க பழைய பிளான் வேணும்ல, அந்த மாதிரி வேலையப் புதுப்பிக்க வேலை தெரிஞ்ச ஆளு வேணும். சுவத்துக்கு அடிச்ச பெயிண்டு கீழ எத்தன அடுக்குன்னு சொரண்டிப் பாக்கலாம். ஜல்லி குத்துறப்ப போட்ட ராகத்த எதச் சொரண்டி எடுக்கறது? இந்த வேலைக்குத் தமிழ்ல இருந்த சொல்லெல்லாம், கைகாட்டி விழுந்துச்சும்பாங்க, லைன் கிளியர்ம்பாங்க, கட்டை ஏத்தறதும்பாங்க, அது சொன்னவங்களோட போய்க்கிட்டு இருக்கு. இங்க உக்காந்திருக்கிற பெரியவங்கள்ல ரயில்வே குடும்பம் யாராவது இருந்தா போறப்ப என்னப் பாக்காம போகாதீங்க, போன்ல பதிவு பண்ணிக்கறேன், அஞ்சு நிமிஷம் போதும்.

புக்கிட் தீமா ஸ்டேஷன நல்லா செஞ்சிருக்காங்க, அத ஒத்துக்கறேன். 2022 ஜூலை 1-ந் தேதி திரும்பத் தொறந்தாங்க, கடைசி ரயில் போயி சரியா பதினோரு வருஷம். சின்னக் கட்டடம், உள்ள கண்காட்சி, சிக்னல் ரூம், பின்னாடி ஊழியர் குவாட்டர்ஸ் இருந்த இடத்துல காப்பிக்கடை. அம்மாவ கூட்டிட்டுப் போனேன், எம்பது வயசு தாண்டிருச்சு, கைத்தடி வேற. காப்பி வெலையக் கேட்டுட்டு, இந்தக் காசுக்கு அப்பாவுக்கு ஒரு மாச சம்பளமேன்னாங்க. அப்பறம் உள்ள போனோம்.

அங்க ஒரு சின்னப் பையன், இருபது இருபத்திரண்டு வயசு, வந்தவங்களுக்கு டோக்கன் முறையப் பத்தி விளக்கிக்கிட்டு இருந்தான், நல்லாத்தான் சொன்னான். ஒத்த லைன், எதிர்ல எதிர்ல வண்டி வந்தா மோதிக்கும், அதனால ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு இரும்புச் சாவி. ரெண்டு கோடி ஸ்டேஷன்லயும் பெட்டி, கரண்ட்ல இணைச்சிருக்கும், ஒரு நேரத்துல ஒரு சாவிதான் வெளிய வரும், அந்தச் சாவி கைல இல்லாம டிரைவர் அந்தப் பாகத்துல நுழையக்கூடாது. புக்கிட் தீமாவில வண்டி முழுசா நிக்காது, மெதுவாப் போறப்பவே ஆளு பிளாட்பாரத்துல நின்னு சாவிய நீட்டணும், டிரைவர் எட்டி வாங்கணும், பழசத் திருப்பிக் குடுக்கணும். சாவி சின்னது, அத எட்டி வாங்க முடியாது, அதனால ஒரு பெரிய வளையத்துல பை கட்டி அதுக்குள்ள போட்டிருப்பாங்க. ரயில் நிக்கற கடைசி நாள் வரைக்கும் இங்க இது கையாலதான் நடந்துச்சு.

பையன் கைய நேரா நீட்டி, இப்படித்தான் வாங்குவாங்கன்னு காட்டுனான்.

அம்மாவுக்குப் பொறுக்கல. அய்யய்ய, அப்படி நீட்டுனா தோள் கழண்டுரும் தம்பின்னு சொல்லிட்டு, கைத்தடிய என் கைல குடுத்துட்டு, முன்னாடி போய் நின்னாங்க. வலது கைய முழங்கையில மடக்கினாங்க. கை விரல வச்சுப் புடிக்கறது இல்லப்பா, வளையம் வந்து இங்க விழணும், முழங்கை மடிப்புல, விழுந்ததும் ஒடம்ப அதோட திருப்பிரணும், வண்டி போற பக்கம், எதிர்ல நிக்கக்கூடாது. சொல்லிக்கிட்டே அரைச் சுத்து திரும்புனாங்க, சேல தடுக்கிச்சு, நான் பயந்து புடிக்கப் போனேன், தள்ளி நில்லுடான்னாங்க. சின்ன வயசுல அவங்களும் லைன் வீட்டுப் பிள்ளைங்களும் பிரம்ப வளைச்சுக் கட்டி இந்த விளையாட்டு விளையாடுவாங்களாம், ஒரு பிள்ளை ரயிலு, ஒரு பிள்ளை ஸ்டேஷன் மாஸ்டரு, தவற விட்டவங்க முனியாண்டி கோயில் வரைக்கும் ஓடிட்டு வரணுமாம்.

சுத்தி நின்ன ஒரு பத்து பேரு, சீனர், மலாய்க்காரர், ஒரு வெள்ளக்கார ஜோடி, யாருக்கும் தமிழ் புரியல, எல்லாருக்கும் வேலை புரிஞ்சுச்சு. பையன் போன எடுத்து, பாட்டி, ஒரு தடவ திரும்பச் செய்ங்க, ரெக்கார்டு பண்ணிக்கறேன்னு இங்கிலீஷ்ல கேட்டான். அம்மா என்னப் பாத்து, என்ன சொல்றான்னு கேட்டாங்க. சொன்னேன். முந்தானைய இடுப்புல சொருகிட்டு, வண்டி எந்தப் பக்கத்துல இருந்து வருது, ஜொகூரா, தஞ்சோங் பகாரா, அத முதல்ல சொல்லச் சொல்லு அவன, அதுக்கேத்த மாதிரிதான் நிக்கணும்னாங்க.

டீ வந்துருச்சு போல, வாசன வருது. கேள்வி இருந்தா அங்க நின்னுக்கிட்டே கேளுங்க.